பந்தும் பாவும்: பண்டிதை க்ஷமா ராவ்

அயர்லாந்து நாட்டு லீனா ரைஸ் விம்பிள்டன் மகளிர் ஒற்றையர் பட்டம் வென்றது 1890ஆம் ஆண்டில். இன்றளவும் அப்பட்டத்தைப் பெற்ற ஐரிஷ் பெண்மணி அவர் ஒருவரே. அதே ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் புனே நகரில் ஒரு பெண் மகவு பிறந்தது. பின்னாளில் டென்னிஸ் மட்டையையும் எழுதுகோலையும் ஒருங்கே ஏந்திய பண்டிதை க்ஷமா ராவ் அவரே.

தந்தை சங்கர் பாண்டுரங்க பண்டிட், காளிதாசன் நூல்களையும் அதர்வ வேதத்தையும் ஆராய்ந்து பதிப்பித்த பேரறிஞர். 1894இல் அவர் மறைந்தபோது மகள் அறியாச் சிறுமி. உறவினர் நிழலில் வளர்ந்த இளமை வளமானதன்று. ஆயினும் கல்வி தடைப்படவில்லை. பம்பாய் வில்சன் கல்லூரியில் பயின்றார்; அந்நகரின் புகழ்பெற்ற மருத்துவர் ராகவேந்திர ராவை மணந்தார்; கணவருடன் ஐரோப்பிய நாடுகளையும் கண்டு வந்தார்.

இந்தியப் பெண்கள் ஆடுகளத்தில் அரிதாகவே காணப்பட்ட காலம் அது. அக்காலத்தில் க்ஷமா மட்டை பிடித்தார். 1927இல் பம்பாய் மாகாணக் கடின ஆடுகளப் போட்டியில் மகளிர் ஒற்றையர் பட்டமும் வென்றார். 1911இல் பிறந்த மகள் லீலாவும் தாயின் வழியே ஆட்டத்துக்கு வந்தார். 1934இல் விம்பிள்டன் முதற்சுற்றில் கிளாடிஸ் சவுத்வெல்லை வீழ்த்தி, அங்கு ஓர் ஆட்டத்தில் வென்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமை பெற்றார். அகில இந்திய ஒற்றையர் பட்டத்தை ஏழு முறை வென்றவரும் அவரே.

தாயின் உள்ளமோ கவிதையை நாடியது. காந்தியடிகளின் அறப்போரைப் பதினெட்டு அத்தியாயங்களில், அனுஷ்டுப் யாப்பில், சத்யாக்ரஹ கீதை என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினார். ஆங்கில ஆட்சியில் அத்தகைய நூலை வெளியிடுவது எளிதன்று. 1932இல் அது பாரிஸ் நகரில் அச்சேறியது. மன்னர்களையும் தேவர்களையும் பாடிப் பழகிய யாப்பில் உழவரும் உப்புக் காய்ச்சியோரும் தலைமக்களாயினர். கதா பஞ்சகத்தில் இளம் விதவையின் துயரமும் செய்யுளாயிற்று.

பாடப்பட்ட உழவர்கள் அக்காவியத்தைப் படித்திருக்க இயலாது என்பது உண்மை. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், பழம்பெருமைக்கே உரியதென ஒதுக்கப்பட்ட மொழி நிகழ்காலத்தின் துயரையும் சுமக்கும் என்பதை அவர் செய்து காட்டினார்.

1939இல் வெளிவந்த சங்கர ஜீவனாக்யானம் அவர் தந்தையின் வரலாறு. நினைவு தெரியுமுன் இழந்த தந்தையை, அவர் போற்றிய மொழியாலேயே மகள் மீண்டும் உருவாக்கிக் கொண்டார். அவர் இயற்றிய நூல்கள் பலவற்றுள் நெஞ்சை மிகவும் தொடுவது இச்செய்தியே.

1954 ஏப்ரல் 22ஆம் நாள் க்ஷமா ராவ் மறைந்தார். அறப்போர்க் காவிய வரிசையின் மூன்றாம் நூலாகிய ஸ்வராஜ்ய விஜயம் 1962இல்தான் வெளிவந்தது. தாயின் கதைகளை லீலா வடமொழி நாடகங்களாக்கினார். தந்தைக்கு மகள் ஆற்றிய கடனை, தாய்க்கு மகள் ஆற்றினார்.

அச்சு பழையதாயினும் மண் புதியதாக இருக்கலாம். சூளையின் வெம்மையே அதற்கு உறுதி தரும். பீங்கான் வனையும் விருத்தாசலத்தில் கவிதை வளர்ப்போருக்கு இது புதிய செய்தியன்று. அவ்வெம்மை க்ஷமா ராவின் வாழ்விலும் பாவிலும் இருந்தது.