புரூக்ளின் கைவிடாத வீரர்

கில் ஹாட்ஜஸ் 1924-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். பக்தியுள்ள கத்தோலிக்கர், பேஸ்பால் ஆட்டத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் சிறந்த மட்டையாளர். ஆயினும் 1952 உலகத் தொடரில், பரம எதிரிகளான நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக 21 முறை முயன்றும் ஓர் அடிகூடச் சரியாக விழவில்லை. அணி தோற்றது. மக்களோ அவரை ஏசாமல் செபமாலைகளை அனுப்பினார்கள்! 1953-இலும் தடுமாற்றம் தொடரவே, வெயில் மிகுந்த ஒரு ஞாயிறன்று ரெட்மண்ட் சுவாமியார் பிரசங்கத்தை விட்டுவிட்டு, ஹாட்ஜஸுக்காகச் செபிக்கும்படி பங்கு மக்களைக் கேட்டுக்கொண்டார். (சிறுவர்கள் மகிழ்ந்திருப்பார்கள்!) அவர் மீண்டும் அடிக்கத் தொடங்கினார்.

1955 அக்டோபர் 4. மறுபடியும் யாங்கீஸ், தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். டாட்ஜர்ஸ் 2-0 என வென்று முதன்முறையாக உலகத் தொடரைக் கைப்பற்றியது. அந்த இரண்டு ஓட்டங்களும் ஹாட்ஜஸ் அடித்த பந்துகளால் கிடைத்தவை. கடைசி எதிரியை ஆட்டமிழக்கச் செய்த பந்தும் அவர் கையுறைக்குள்தான் வந்து விழுந்தது.

1972-இல், உயிர்த்த ஞாயிறன்று, மாரடைப்பால் காலமானார்.