உணவு விடுதியில் ஒரு குறிப்பேடு

இசை மேதை பீத்தோவனின் வரலாற்றைக் கல்லூரி நூலகத்தில் படித்தேன். என் நெஞ்சில் தங்கியது அவரது இசையன்று. உணவு விடுதியில் அவர் அமர்ந்திருந்த விதமே.

1770-இல் ஜெர்மானிய நகரமான பானில் பிறந்த பீத்தோவன், 1792-இல் வியன்னாவில் குடியேறினார். முப்பது வயதிற்கு முன்பே செவித்திறன் குறையத் தொடங்கியது. இசைக் கலைஞன் தனக்குக் காது கேட்கவில்லை என்று எப்படி வெளியே சொல்வான்? ஏறத்தாழ ஈராண்டுகள் மனிதர் கூடும் இடங்களையே தவிர்த்தார். 1802-இல் உயிரை விடவும் எண்ணினார். கலையே அவரைத் தடுத்தது.

1818 முதல் குறிப்பேடுகளைக் கையாண்டார். விடுதியில் உண்ணும்போது நண்பர்கள் அதில் எழுதுவார்கள். அவர் வாய்விட்டு விடை சொல்வார். அயலார் செவியில் விழக்கூடாததைச் சில வேளை தாமும் எழுதுவார். அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. 1824-இல் ஒன்பதாம் சிம்பொனியை அரங்கேற்றிய அவர், 1827-இல் மறைந்தார்.

நண்பர்களே, என் தந்தை விசைத்தறி இரைச்சலில் செவித்திறனை இழந்தவர். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். ஓட்டலில் சர்வர் பட்டியலை ஒப்பிக்கும்போதெல்லாம் இட்லி என்றே சொல்வார். அதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். சென்ற மாதம் என் வேதியியல் நோட்டின் கடைசித் தாளில், அன்று இருந்தவற்றையெல்லாம் எழுதி அவர்முன் நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். பூரி கேட்டார்.