தென்கச்சி கோ. சுவாமிநாதன்: நெல்லை வானொலியின் விவசாயப் பிரிவிலிருந்து 'இன்று ஒரு தகவல்' வரை

காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரம். சமையலறையில் ரேடியோ ஓடும். சிரிப்பே இல்லாத ஒரு குரல் நிதானமாக ஒரு விஷயத்தைச் சொல்லி, கடைசியில் ஒரு ஜோக் சொல்லும். வீடே சிரிக்கும், சொன்னவர் மட்டும் சிரிக்க மாட்டார். 80-கள், 90-களில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இந்தக் குரலுக்குப் பெயர் சொல்வாங்க: தென்கச்சி கோ. சுவாமிநாதன். நிகழ்ச்சி, 'இன்று ஒரு தகவல்'.

யூடியூப்ல இன்னைக்கும் அவர் குரல் கிடைக்குது. ஆனா அந்தக் குரல் சென்னைக்குப் போறதுக்கு முன்னாடி எங்கே இருந்ததுன்னு பலருக்குத் தெரியாது. பதில், திருநெல்வேலி வானொலி நிலையம். அதுவும் விவசாயப் பிரிவு!

யார் இந்தத் தென்கச்சி?

இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள தென்கச்சிப்பெருமாள்நத்தம் அவரோட சொந்த ஊர். அந்த நீளமான பெயரின் முதல் பாதிதான் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. வேளாண்மை படித்துவிட்டு, அரசு வேளாண்மைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அதை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி விவசாயம் பார்த்தார். ஊராட்சித் தலைவராகவும் இருந்தார்.

1977-ல் அகில இந்திய வானொலியில் சேர்ந்தபோது, விவசாயத்தைப் படித்தவர், செய்தவர், ஊர்ப் பஞ்சாயத்தை நடத்தியவர் என மூன்று அனுபவங்களும் அவர் கையில் இருந்தன. பணியிடம், திருநெல்வேலி.

நெல்லை நிலையம் யாருக்காகப் பேசியது?

திருநெல்வேலி வானொலி 1963-ல் தொடங்கப்பட்டது. பாளையங்கோட்டையில் நிலையம், 1197 கிலோஹெர்ட்ஸ் மீடியம் வேவ் அலைவரிசை. இதைத்தான் ஏஎம் ரேடியோன்னு சொல்றோம்.

எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். மலையோ பூமியின் வளைவோ குறுக்கே வந்தால் சிக்னல் பலவீனமாகும். மீடியம் வேவ் அப்படி இல்ல. பகலில் நிலத்தை ஒட்டியே தவழ்ந்து வெகுதூரம் போகும். அதனால், நெல்லையிலிருந்து சாலை வழியாக சுமார் 70 கி.மீ. தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் கடையநல்லூருக்கும் பேட்டரி டிரான்சிஸ்டர் ஒன்று போதும். கரண்ட் இல்லாத வயக்காட்டிலும் கேட்கும். நெல் வயல்களும் தறிகளும் நிறைந்த அந்த ஊர் அப்போது நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது. 2019-ல்தான் தென்காசி மாவட்டம் பிரிந்தது.

செய்தி, பாட்டு, நாடகம் எல்லாமே உண்டு. ஆனா கிராமத்து நேயருக்கு நேரடியாகக் கை கொடுத்தது விவசாய நிகழ்ச்சி. 1966-ல் அகில இந்திய வானொலி பண்ணை இல்ல ஒலிபரப்புக்குத் தனிப் பிரிவுகளைத் தொடங்கியது. பசுமைப் புரட்சி காலம் அது. புது விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்கின. தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி-27 நெல் ரகத்தை விவசாயிகள் ரேடியோ மூலம் அறிந்ததால், அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வந்தது.

ஒரு தடவைதான் கேட்க முடியும்

இப்போ ஒரு வீடியோ புரியலைன்னா பின்னாடி தள்ளிப் பார்க்கலாம். அன்றைய ரேடியோவில் அது முடியாது. ஏக்கருக்கு எத்தனை கிலோ உரம், மருந்தில் எவ்வளவு தண்ணீர் கலக்கணும் என்பதை நேயர் தப்பாகப் புரிந்துகொண்டால் போவது அவர் பயிர். கேட்பவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். போதாக்குறைக்கு மீடியம் வேவில் இடி மின்னல் நேரத்தில் கரகரப்பு வேற.

அதனால் விவசாயப் பிரிவில் பேசுபவர் சின்னச் சின்ன வாக்கியமாக, நிதானமாக, ஊர்ப் பேச்சில் சொல்லியாக வேண்டும். பிற்காலத்தில் தென்கச்சியின் தனி ஸ்டைல் என்று தமிழகம் கொண்டாடியது ஏறக்குறைய இதைத்தான். அவருக்கு நகைச்சுவை இயல்பாகவே வந்திருக்கலாம். ஆனா அந்த நிதானமும் எளிமையும் பழகுவதற்கு நெல்லை நிலையம் நல்ல களமாக இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

சென்னைக்குப் போன குரல்

1984-ல் சென்னை நிலையத்துக்கு மாறினார். 1988-ல் தொடங்கியது 'இன்று ஒரு தகவல்'. சில நிமிடங்கள்தான். அறிவியல், வரலாறு, உடல்நலம், ஆன்மிகம் என எதை எடுத்தாலும் ஒரு கதை, ஒரு தகவல், கடைசியில் ஒரு சிரிப்பு. சுமார் 14 ஆண்டுகள் ஓடியது. அவை தொகுதி தொகுதியாகப் புத்தகமாகவும் வந்து நன்றாக விற்றன.

உதவி நிலைய இயக்குநராக 2002-ல் ஓய்வு பெற்றார். பிறகு சன் டிவியின் 'இந்த நாள் இனிய நாள்' நிகழ்ச்சியில் முகமும் பரிச்சயமானது. 2009 செப்டம்பர் 16-ம் தேதி சென்னையில் காலமானார்.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

நாடு முழுக்கப் பழைய மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றைப் பிரசார் பாரதி படிப்படியாக நிறுத்தி, எஃப்எம், செயலி பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒலி துல்லியமாக இருக்கும், மின்செலவு குறையும், போனிலேயே கேட்கலாம். இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

ஆனா டவர் மாறும்போது ஒரு விஷயம் தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாவட்டத்து மண்ணும் பேச்சும் தெரிந்த ஒருவர், அந்த மாவட்டத்துக்காகவே மைக் முன் உட்காரும் அந்த நாற்காலி. வேளாண்மைத் துறை வேலையை விட்டுவிட்டு வயலுக்குப் போன ஒருவருக்கு நெல்லையில் அப்படியொரு நாற்காலி கிடைத்தது. அது இல்லாமல் போயிருந்தால், 'இன்று ஒரு தகவல்' நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.