உழைப்பாளிக்கு ஓய்வு தேடித் தந்த தச்சர்

நாள்தோறும் நாம் திறந்து மூடும் வகுப்பறைக் கதவைச் செய்த தச்சரின் பெயர் நம்மில் யாருக்கும் தெரியாது. சுவரை எழுப்பிய கொத்தனாரின் பெயரும், செங்கல் சுமந்த சித்தாளின் பெயரும் அப்படியே. மே மாதம் முதல் நாளை உலகம் உழைப்பாளர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்நாள் நமக்குக் கோடை விடுமுறைக்குள்ளேயே வந்துவிடுவதால் அதன் அருமை நமக்கு விளங்குவதில்லை. அந்நாளுக்காகவும், எட்டு மணி நேர வேலைக்காகவும் பாடுபட்டவர்களில் ஒருவர் அமெரிக்கத் தச்சரான பீட்டர் மெக்வயர். அவரது வாழ்க்கையை இங்கே காண்போம்.

பீட்டர் மெக்வயர் 1852ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் கத்தோலிக்கர்கள். 1863இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தந்தை படையில் சேர்ந்தார். பதினொரு வயதுச் சிறுவனான பீட்டர் பள்ளியை விட்டுக் குடும்பத்தைக் காக்க வேலைக்குச் சென்றார். பின்னர் பியானோ செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்து மரவேலை பழகினார். ஆயினும் படிப்பின் மீது கொண்ட ஆசை அவரை விடவில்லை. பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் கூப்பர் கல்வி நிலையத்தின் மாலை வகுப்புகளில் பயின்றார். பிற்காலத்தில் அமெரிக்கத் தொழிலாளரின் பெருந்தலைவராக விளங்கிய சாமுவேல் காம்பர்ஸின் நட்பு அங்குதான் அவருக்குக் கிடைத்தது.

1873இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து தெருவில் நின்றனர். 1874 ஜனவரி 13ஆம் நாள், நியூயார்க்கின் டாம்கின்ஸ் சதுக்கத்தில் அவர்கள் வேலை கேட்டுக் கூடினார்கள். கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களுள் இருபத்தொரு வயது மெக்வயரும் ஒருவர். குதிரைப் போலீசார் புகுந்து தடியால் அடித்து மக்களைக் கலைத்தனர். கூட்டம் கலைந்தது, ஆனால் மெக்வயரின் உறுதி கலையவில்லை. கோபத்தால் மட்டும் உரிமை கிடைக்காது, ஒழுங்கான சங்கம் வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த வழி.

அக்காலத்தில் தச்சரின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. கதவு, சன்னல் முதலியவை தொழிற்சாலைகளில் இயந்திரத்தால் செய்யப்பட்டு வந்தன. அவற்றைப் பொருத்துவதற்கு முழுத் தொழில் தெரிந்த தச்சர் தேவை இல்லாமல் போயிற்று. ஒப்பந்தக்காரர்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, குறைந்த கூலிக்கு வந்தவரிடம் கொடுத்தனர். ஒரு நகரத்தில் தச்சர்கள் வேலைநிறுத்தம் செய்தால் வேறு நகரத்திலிருந்து ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆகவே ஊருக்கு ஊர் தனிச் சங்கம் இருந்தால் போதாது, நாடு முழுமைக்கும் ஒரே சங்கம் வேண்டும் என்று மெக்வயர் கண்டார்.

அவர் அப்போது செயின்ட் லூயிஸ் நகரில் வாழ்ந்தார். 1881இல் ‘தச்சர்’ என்னும் பொருளுடைய பெயரில் ஓர் இதழைத் தொடங்கி, பல ஊர்த் தச்சர்களையும் ஒன்றுசேர அழைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் சிகாகோவில் பதினொரு நகரங்களிலிருந்து 36 பிரதிநிதிகள் கூடினர். தச்சர் சகோதரத்துவ சங்கம் பிறந்தது. கேப்ரியல் எட்மன்ஸ்டன் தலைவராகவும், மெக்வயர் செயலாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தொடக்கத்தில் உறுப்பினர் சுமார் 2,000 பேரே. மெக்வயர் ஊர் ஊராகச் சென்று பேசினார், இதழை எழுதினார், கடிதங்களுக்குப் பதில் எழுதினார். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை தரும் ஏற்பாடும் சங்கத்தில் இருந்தது. 1890இல் உறுப்பினர் தொகை சுமார் 50,000 ஆயிற்று. சிறு துளி பெருவெள்ளம் அல்லவா?

1882 செப்டம்பர் 5ஆம் நாள் நியூயார்க்கில் ஏறத்தாழ பத்தாயிரம் தொழிலாளர் அணிவகுத்து நடந்தனர். அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு நாள் கூலியை இழந்தே அவர்கள் வந்தனர். அதுவே அமெரிக்காவின் முதல் உழைப்பாளர் விழா. 1894இல் செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை நாளாகச் சட்டமாயிற்று. இவ்விழாவை முதலில் முன்மொழிந்தவர் மெக்வயரே என்று பலரும் சொல்வர். மாத்யூ மகுவயர் என்னும் இயந்திரத் தொழிலாளியே அவர் என்பாரும் உண்டு. பெயர்கள் மட்டுமல்ல, இருவரின் நோக்கமும் ஒன்றாகவே இருந்தது.

விழாவை விடப் பெரிய போராட்டம் எட்டு மணி நேர வேலைக்கானது. அந்நாளில் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பது வழக்கம். 1884இல் தொழிலாளர் மாநாட்டில் எட்மன்ஸ்டன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி 1886 மே முதல் நாள் எட்டு மணி நேர வேலைக்கான நாளாகக் குறிக்கப்பட்டது. அன்று நாடெங்கும் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு உருவாயிற்று. காம்பர்ஸ் தலைவரானார், மெக்வயர் செயலாளரானார். 1890 மே முதல் நாள் மீண்டும் போராட்டம் தொடங்கியபோது, அதை முன்னின்று நடத்தும் பொறுப்பு தச்சர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. பல நகரங்களில் தச்சர்கள் எட்டு மணி நேர வேலையை வென்றனர். முன் ஆண்டில் பாரிஸில் கூடிய அனைத்து நாட்டு மாநாடும் அதே நாளைத் தேர்ந்தெடுத்திருந்ததால், மே தினம் உலகம் முழுவதற்கும் உரிய நாளாயிற்று.

இனி எழுதப்போவது துயரமான பகுதி. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்றும் நாம் யோசித்தோம். பெரியோரின் வரலாற்றில் நல்லதை மட்டுமே படித்துப் பழகியவர்கள் அல்லவா நாம்? ஆனால் உண்மையை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பிறருக்கு ஓய்வு தேடித் தந்தவர் தமக்கு ஓய்வு தேடிக்கொள்ளவில்லை. உடல்நலம் கெட்டது, மதுப்பழக்கமும் சேர்ந்தது, சங்கத்தின் கணக்குகள் ஒழுங்கின்றிப் போயின. பணம் குறைகிறது என்று குற்றம் சாட்டப்பட்டு, 1902இல் தாம் உருவாக்கிய சங்கத்திலிருந்தே நீக்கப்பட்டார். 1906 பிப்ரவரி 18ஆம் நாள் நியூ ஜெர்சியில் கேம்டன் நகரில், வறுமையில், 53ஆம் வயதில் காலமானார். பிற்காலத்தில் அதே சங்கம் அவரது கல்லறையில் நினைவுச் சின்னம் எழுப்பி அவரைப் போற்றியது.

ஏணியாய் இருந்து மற்றவரை ஏற்றிவிட்டவர் தாம் தளர்ந்து விழுந்தபோது, தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை. அவரது பிழையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கடைசி ஐந்தாண்டுகளைக் கொண்டு, அதற்கு முந்தைய இருபது ஆண்டுத் தொண்டை அழித்துவிட முடியுமா? நம்முடன் படிக்கும் தோழி ஒருமுறை தவறினால் அவள் செய்த நன்மையெல்லாம் மறந்துவிடும் நமக்கும் இது ஒரு பாடமாகும்.

அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதே மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அவரும் ஒரு தச்சரே!

அன்புத் தோழிகளே, நாளை வகுப்பறைக் கதவைத் திறக்கும்போது அதை இழைத்த கைகளை ஒரு கணம் நினைப்போம். நம் வீட்டிலும் தெருவிலும் வேலை செய்வோரைப் பெரியவர்களாக மதித்துப் பேசுவோம். அவர்களுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை மறவாதிருப்போமாக!

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி