நிலாவின் பெயரை வைத்தவர், மூக்கைப் பறிகொடுத்தவர்... செலினியம் தந்த பெர்சிலியஸின் கதை!

தினமும் ரெண்டு பிரேசில் நட்ஸ் சாப்பிட்டால் கேன்சர் கிட்டவே வராது என்று சொல்லும் ரீல்ஸ் உங்கள் போனிலும் நிச்சயம் வந்திருக்கும். காரணம் கேட்டால், அதில் செலினியம் இருக்கிறது என்பார்கள். அந்த செலினியத்தை உலகத்துக்குக் காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த யோன்ஸ் யாக்கோப் பெர்சிலியஸ். உங்களுக்கு இவரைத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. கெமிஸ்ட்ரி புக்கில் தனிமங்களுக்கு ஓரெழுத்து, ஈரெழுத்துக் குறியீடு போட்டு நம்மை மனப்பாடம் செய்யவைத்த மனிதர் இவர்தான். எச்-டூ-ஓ என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த முறைக்கு ஆரம்பம் இவரிடம்தான் இருக்கிறது.

1779-ல் ஸ்வீடனின் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தார். நாலு வயதில் அப்பா போனார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். பெர்சிலியஸுக்கு ஒன்பது வயது ஆவதற்குள் அவரும் இறந்துவிட்டார். அதன்பிறகு உறவினர் வீடுகளில் வளர்ந்தார். தாய்மாமன் வீட்டில் அத்தைக்கு இந்தப் பையனைக் கண்டாலே ஆகாது. எப்படியோ உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1802-ல் டாக்டர் ஆனார். ஆனால், மனசு முழுக்க வேதியியல்தான். அடுத்த வருடமே, 24 வயதில், நண்பர் ஹிசிங்கருடன் சேர்ந்து சீரியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தார். 1807-ல் ஸ்டாக்ஹோமில் பேராசிரியர்.

அவருடைய ஆய்வகத்தை நினைத்துப் பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். ஏசி ரூம், வெள்ளைக் கோட்டு எல்லாம் கிடையாது. வீட்டிலேயே ஒன்றிரண்டு அறைகள், பக்கத்தில் சமையற்கட்டு. சமையலையும் கவனித்து, ஆய்வுப் பாத்திரங்களையும் கழுவிவைத்தவர் அன்னா என்ற பெண். உலகமே கொண்டாடிய அளவீடுகள் பிறந்த இடம் அது. அந்த அன்னாவைப் பற்றி நம் பாடப்புத்தகம் ஒரு வரிகூடச் சொன்னதில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

சரி, செலினியத்துக்கு வருவோம். பெர்சிலியஸும் நண்பர்களும் கிரிப்ஸ்ஹோம் என்ற இடத்தில் இருந்த கந்தக அமிலத் தொழிற்சாலையில் பங்கு வாங்கியிருந்தார்கள். ஃபாலூன் சுரங்கத்துத் தாதுவைப் பயன்படுத்தினால் மட்டும் அடியில் செம்பழுப்பாக ஒரு கசடு தங்கியது. 1817-ல் அதை எடுத்துச் சூடாக்கினார்கள். முள்ளங்கி வாடை! அப்போது முள்ளங்கி வாடை வந்தால் அது டெல்லூரியம் என்பதுதான் வேதியியலாளர்களின் கணக்கு. பெர்சிலியஸும் அப்படியே நம்பி, லண்டனில் இருந்த நண்பருக்குக் கடிதமும் எழுதிவிட்டார். ஆனால், ஃபாலூன் தாதுவில் டெல்லூரியம் இருந்ததாக யாரும் பார்த்ததில்லையே என்ற உறுத்தல். மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதித்தார். 1818 தொடக்கத்தில், தான் சொன்னது தப்பு, இது புதுத் தனிமம் என்று அதே நண்பருக்கு எழுதினார். டெல்லூரியத்துக்குப் பூமியின் பெயர் என்பதால், அதன் ஜோடி மாதிரி இருந்த இதற்கு கிரேக்க நிலா தேவதை செலினியின் பெயர்.

அதோடு விட்டாரா? செலினியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு எப்படி இருக்கும் என்று பார்க்க, பட்டாணி அளவு குமிழி ஒன்றை மூக்கில் இழுத்தார். பல மணி நேரத்துக்கு வாசனையே தெரியவில்லை. அம்மோனியாவை நீட்டினால்கூட உறைக்கவில்லை. மூக்கடைப்பும் சளியும் ரெண்டு வாரம் படுத்தின. அதனால் அவருக்குச் செலினியம் ஒரு விஷப்பொருள்தான். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகமும் அப்படித்தான் நினைத்தது.

பிறகு சிலிக்கானைப் பிரித்தார், தோரியம் கண்டுபிடித்தார். 56 வயதில் 24 வயதுப் பெண்ணைத் திருமணம் செய்தார். அரசர் பாரன் பட்டம் கொடுத்தார். 1838-ல் புரோட்டீன் என்ற வார்த்தையைப் பரிந்துரைத்தவரும் இவரே. 1848 ஆகஸ்ட்டில் இறந்தார்.

இறந்து நூறு வருடங்களுக்குப் பிறகுதான் கதை திரும்பியது. 1957-ல் கிளாஸ் ஷ்வார்ட்ஸ் என்ற விஞ்ஞானி, துளியளவு செலினியம் எலிகளின் கல்லீரலைக் காப்பதைக் காட்டினார். நம் உடம்பில் சுமார் 25 புரோட்டீன்களுக்குள் செலினியம் உட்கார்ந்திருக்கிறது. பேர் வைத்த ரெண்டும் ஒன்றுக்குள் ஒன்று இருப்பது பெர்சிலியஸுக்குக் கடைசிவரை தெரியாது.

இப்போ கேன்சர் விஷயம். 1996-ல் அமெரிக்காவில் 1,312 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. தோல் கேன்சர் குறைகிறதா என்று பார்க்கத்தான் தினமும் 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்தார்கள். அது குறையவில்லை. ஆனால், புராஸ்டேட் கேன்சர் 60 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. உடனே மாத்திரை விற்பனை களைகட்டியது. அதைச் சரிபார்க்க 35,000-க்கும் அதிகமான ஆண்களிடம் செலெக்ட் என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. பலன் எதுவும் தெரியாததால் 2008-ல் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 2014-ல் வந்த அலசல் இன்னும் மோசம்: உடம்பில் ஏற்கெனவே போதுமான செலினியம் இருந்தவர்கள் மாத்திரையும் எடுத்தபோது, தீவிர வகை புராஸ்டேட் கேன்சர் ஆபத்து கூடியிருந்தது. முதல் ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் வந்ததும் பின்னால் தெரியவந்தது.

ஆக, குறைவாக இருப்பவருக்குத் தேவை, நிறைந்திருப்பவருக்குத் தொல்லை. இந்தியர்களுக்கு ஐ.சி.எம்.ஆர் சொல்வது ஒரு நாளைக்கு 40 மைக்ரோகிராம். மீன், முட்டை, சிக்கன், தானியங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரே ஒரு பிரேசில் நட்ஸில் 70 முதல் 90 மைக்ரோகிராம்வரை இருக்கலாம். தினம் அஞ்சாறு கொறித்தால், அமெரிக்க நிபுணர்கள் வகுத்த 400 என்ற உச்ச வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். அது நீடித்தால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை அடிக்கும்.

வீட்டில் மல்ட்டி விட்டமின் டப்பா இருந்தால் திருப்பிப் பாருங்க. அதிலும் செலினியம் இருக்கும். அந்த எண்ணையும் கணக்கில் கூட்டிக்கோங்க.