நச்சுயிரியின் வடிவம் கண்ட நங்கை

கல்வி தேடுதல் ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை எனும் நெறியில் வளரும் நாம், அறிவுத் தேட்டத்தையே வாழ்வாக்கிக்கொண்ட ரோசலிண்ட் பிராங்களின் அம்மையாரை நினைவுகூர்தல் சாலப் பொருந்தும்.

1920 சூலை 25ஆம் நாள் இலண்டனில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அம்மையார், கேம்பிரிட்சில் வேதியியல் பயின்றார். நிலக்கரியை ஆராய்ந்து 1945இல் முனைவர் பட்டம் பெற்றார். பாரிசு நகரில் எக்ஸ் கதிர் ஆய்வுமுறையில் தேர்ச்சியுற்றார். பொருளின்மீது கதிரைச் செலுத்தி, அது சிதறிப் பதியும் புள்ளிகளை அளந்து, கண்ணுக்குப் புலனாகா உள்ளமைப்பைக் கணித்தறிவதே அம்முறை.

1951இல் இலண்டன் கிங்சு கல்லூரியில் டி.என்.ஏ. ஆய்வை மேற்கொண்டார். அவர் மேற்பார்வையில் 1952இல் எடுக்கப்பெற்ற படம், அவரறியாமலே பிறர்க்குக் காட்டப்பட்டது. உலகம் இதனையே பெரிதும் பேசுகிறது. நாமோ அதற்குப் பிந்திய பணியையே இங்குப் போற்ற விழைகிறோம்.

1953இல் பிர்க்பெக் கல்லூரிக்குச் சென்ற அம்மையார், மனக்கசப்பில் காலங்கழிக்காமல் பயிர்களைத் தாக்கும் நச்சுயிரிகளை ஆராயலானார். புகையிலைத் தேமல் நச்சுயிரி உள்ளீடற்ற குழல் போன்றது, அதன் ஆர்.என்.ஏ. நடுத்துளையில் இல்லை, புரதச் சுவரினுள்ளேயே சுருள்வடிவில் பதிந்துள்ளது என நிறுவினார்.

அடுத்து, டர்னிப் மஞ்சள் தேமல் நச்சுயிரியை எடுத்துக்கொண்டார். இலைகளைக் கடித்துண்ணும் துள்ளுவண்டுகள் இதனைச் செடிக்குச் செடி பரப்புகின்றன. இதன் குறுக்களவு ஏறத்தாழ 30 நானோமீட்டரே. குளூக், பிஞ்சு ஆகியோருடன் இணைந்து 1957இல் அம்மையார் வெளியிட்ட ஆய்வு, இக்கோளவடிவ நச்சுயிரியின் புரத உறை இருபது முக்கோண முகங்கள் கொண்ட உருவத்தின் ஒழுங்கில் அமைந்திருப்பதைக் காட்டியது. அவ்வுறையில் ஒரே வகைப் புரத அலகுகள் 180 அடுக்கப்பட்டுள்ளன எனப் பின்வந்த ஆய்வுகள் தெளிவுறுத்தின. சிறிய மரபுச் செய்தியைக்கொண்டு பெரிய உறையை அமைக்கும் சிக்கனம் இதனால் விளங்கிற்று. இறைவன் படைப்பில் அணுவளவும் ஒழுங்கின்றி இல்லை என்பதை எண்ணி நாம் வியக்கிறோம்.

இப்பணிகளுக்கிடையே, 1956இல் அவருக்குச் சூலகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை மருத்துவத்திற்குப் பின்னும் ஆய்வகம் செல்வதை அவர் நிறுத்தவில்லை. 1958 ஏப்ரல் 16ஆம் நாள், 37ஆம் அகவையில் மறைந்தார். அவர் உருவாக்கித் தந்த நச்சுயிரி மாதிரி இடம்பெற்ற பிரசல்சு உலகக் கண்காட்சி மறுநாள் திறக்கப்பட்டது.

டி.என்.ஏ. ஆய்வுக்கு 1962இல் மூவர் நோபல் பரிசு பெற்றபோது அம்மையார் உயிருடன் இல்லை. 1982இல் அப்பரிசைப் பெற்ற குளூக், தம்மை நச்சுயிரி ஆய்வுக்கு ஆற்றுப்படுத்தியவர் அவரே என நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

புகழ் பிறரைச் சேரினும் பணியில் தளராத இவ்வாழ்வை நம் மாணவ மணிகள், குறிப்பாக மாணவியர், நெஞ்சிற் கொள்வார்களாக! கற்க வரும் பெண்மக்களுக்கு வாயிலை அகலத் திறந்துவைத்தல் பெரியோராகிய நம் கடனாகும்.