பகடைக்குக் கணக்கு எழுதிய டாக்டர்
(கார்டானோவின் வாழ்க்கை வரலாறு)

மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குப் போய்விட்டன. வீட்டுச் சாமான்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கடைசியில் கணவனும் மனைவியும் ஏழைகள் விடுதியில் போய்த் தங்கும்படி ஆயிற்று.

அந்தக் கணவர் படிக்காதவர் அல்ல. பட்டம் பெற்ற டாக்டர். கணிதத்தில் மேதை. சூதாட்டத்தில் யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டு எழுதியவரும் அவரே.

அவர் பெயர் ஜெரோலமோ கார்டானோ. இத்தாலி நாட்டுக்காரர்.

பிறப்பு

கார்டானோ 1501-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி பாவியா என்ற ஊரில் பிறந்தார். தந்தை பாசியோ, மிலான் நகரத்து வக்கீல். கணிதமும் அறிந்தவர். புகழ்பெற்ற ஓவியர் லியனார்டோ டாவின்சி அவரிடம் கணிதம் பற்றி யோசனை கேட்டது உண்டு.

தாயும் தந்தையும் அப்போது திருமணம் செய்துகொண்டவர்கள் அல்ல. இந்தக் குறையைச் சொல்லியே ஊர் பிற்காலத்தில் கார்டானோவை ஒதுக்கியது.

வைத்தியப் படிப்புக்குப் போன இடத்தில் தந்தை இறந்த செய்தி வந்தது. அவர் விட்டுப்போன சிறு சொத்தும் விரைவில் கரைந்தது. கையில் காசு இல்லை. சீட்டும் பகடையும் சதுரங்கமும் ஆடிப் பிழைக்கத் தொடங்கினார்.

கணக்குத் தெரிந்தவர் ஆகையால் முதலில் ஜெயித்தார். அந்த ஜெயிப்புத்தான் அவரைக் கெடுத்தது!

ஒருமுறை வெனிஸ் நகரில், எதிராளி குறி வைத்த சீட்டுகளால் ஏமாற்றுவதைக் கண்டுபிடித்தார். கத்தியை உருவி அவன் முகத்தில் கீறிவிட்டு ஓடினார். இருட்டில் கால்வாயில் விழுந்து, உயிர் தப்பியதே பெரிய காரியம் ஆயிற்று.

குடும்பம்

டாக்டர் பட்டம் பெற்றதும் கார்டானோ மிலான் நகருக்கு வந்தார். பிறப்பைக் காட்டி, டாக்டர்கள் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. ஒரு சிற்றூரில் போய் வைத்தியம் செய்தார். 1531-ல் லூசியா என்ற பெண்ணை மணந்தார்.

நோயாளிகள் அதிகம் வரவில்லை. மீண்டும் சூதாட்டம். நகைகள் அடகுக்குப் போனது அப்போதுதான்.

சில பெரிய மனிதர்கள் உதவி செய்தார்கள். 1534-ல் மிலானில் கணித ஆசிரியர் வேலை கிடைத்தது. வேலை நேரம் போக வைத்தியமும் பார்த்தார். கைராசிக்கார டாக்டர் என்று பெயர் பரவியது. ஒதுக்கிவைத்த சங்கமே 1539-ல் அவரைச் சேர்த்துக்கொண்டது.

1545-ல் அவர் வெளியிட்ட கணித நூல் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. 1552-ல் ஸ்காட்லாந்து நாட்டின் பெரிய மதகுரு ஒருவர் ஆஸ்துமாவால் துன்பப்பட்டு, கார்டானோவை வரவழைத்தார். இறகுப் படுக்கையை எடுத்துவிடச் சொன்னார் கார்டானோ. உணவையும் உறக்கத்தையும் ஒழுங்கு செய்தார். மதகுரு தேறினார். கார்டானோ பெரும் பொன்னோடு ஊர் திரும்பினார்.

ஆறாறு முப்பத்தாறு

சூதாட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் சிறியது. அதில் உள்ள கணக்கு எளியது.

இரண்டு பகடைகளை உருட்டுகிறோம். முதல் பகடை ஆறு விதமாக விழலாம். அந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது பகடை ஆறு விதமாக விழலாம். ஆறாறு முப்பத்தாறு. ஆக மொத்தம் 36 வழிகள்.

கூட்டுத்தொகை 7 வருவதற்கு 6 வழிகள் உண்டு. 12 வருவதற்கு ஒரே ஒரு வழிதான்.

12 விழும் என்று ஒருவர் ஒரு ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 முறை ஆடினால் சராசரியாக ஒருமுறை ஜெயிப்பார். 35 முறை தோற்பார். ஜெயிக்கும்போது 35 ரூபாய் லாபம் கொடுத்தால்தான் பந்தயம் நியாயமானது. ஆட்டம் நடத்துகிறவர் 30 ரூபாய்தான் தருகிறார் என்றால், 36 ஆட்டத்துக்கு 5 ரூபாய் அவர் பெட்டிக்குப் போகிறது. ஆடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

இன்னொன்றையும் கார்டானோ வற்புறுத்தினார். இரு பக்கமும் நிலைமை சமமாக இருக்க வேண்டும். பகடை, பணம், ஆடும் இடம் எல்லாம் சமமாக இருந்தால்தான் அது ஆட்டம். இல்லாவிட்டால் ஒருவன் முட்டாள், மற்றவன் மோசக்காரன்.

பந்தாட்டப் பந்தயத்துக்கும் இந்த விதி பொருந்தும். அமெரிக்காவில் ஆண்டுதோறும் பந்தாட்டப் போட்டிகள் தொடங்குவதற்கு முன் ஆகஸ்டு மாதத்தில் வெள்ளோட்ட ஆட்டங்கள் நடக்கும். அவற்றின்மீதும் பணம் கட்டுகிறார்கள். பேர்போன ஆட்டக்காரர்கள் காயம் படாமல் இருக்க, பெரும்பாலும் உட்கார வைக்கப்படுவார்கள். புதியவர்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஜெயிப்பது அங்கே பெரிதல்ல. யார் எவ்வளவு நேரம் ஆடுவார் என்பது பயிற்சியாளர் மனத்தில் இருக்கிறது. அதை விசாரித்து அறிந்தவன் ஒருவன்; கொடியின் நிறத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறவன் ஒருவன். இருவர் நிலைமையும் சமம் ஆகுமா?

நளனும் தான்றி மரமும்

இந்தக் கணக்கு நம் நாட்டுக்குப் புதிதல்ல. மகாபாரதத்தில் வரும் நளன் கதை எல்லோருக்கும் தெரியும். சூதில் நாட்டை இழந்த நளன், அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருந்தான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மன்னன், அதில் எத்தனை இலை, எத்தனை காய் என்று சொல்லிவிட்டான். நளன் இறங்கி எண்ணிப் பார்த்தான். கணக்குச் சரியாக இருந்தது! குதிரை நூலைச் சொல்லிக் கொடுத்து, அந்த வித்தையை நளன் கற்றுக்கொண்டான்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் மண்டிக் குடும்பங்களுக்குக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தோலைப் பதனிட உதவியவை அவை. அந்தக் கடுக்காய்க்கு இனமானதுதான் தான்றிக்காய். பழங்காலத்தில் தான்றிக்காயையே சூதுக்காயாக உருட்டினார்கள்.

பிள்ளைகளால் வந்த துன்பம்

கார்டானோவின் மனைவி 1546-ல் இறந்தாள். மூன்று குழந்தைகள் தாயில்லாமல் வளர்ந்தார்கள். தந்தை நோயாளிகள் வீட்டில் இருப்பார், அல்லது எழுதிக்கொண்டிருப்பார், அல்லது ஆட்டத்தில் இருப்பார்.

மூத்த மகன் ஜாம்பட்டிஸ்டாவும் டாக்டர் ஆனான். அவன் மணந்த பெண்ணோடு ஓயாத சண்டை. ஆத்திரத்தில் அவளுக்கு விஷம் கொடுத்துவிட்டான். கார்டானோ கோர்ட்டில் மகனுக்காக மன்றாடினார். பெண் வீட்டார் கேட்ட பெருந்தொகையைக் கொடுக்க அவரால் முடியவில்லை. 1560 ஏப்ரலில் மகனின் தலை வெட்டப்பட்டது.

அந்தத் துயரத்தில் மிலானை விட்டே போய்விட்டார்.

இளைய மகன் ஆல்டோ தந்தையிடமிருந்து ஒன்றைக் கற்றிருந்தான். அதுதான் சூது! தந்தைக்குத் தெரிந்த கணக்கு அவனுக்குத் தெரியாது. தோற்ற பணத்துக்காகத் தந்தையின் வீட்டிலேயே திருடினான். 1569-ல் கார்டானோவே அதிகாரிகளிடம் புகார் சொன்னார். மகன் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டான்.

மறு ஆண்டு கார்டானோவுக்கே ஜெயில். மதத்துக்கு விரோதமாக எழுதினார் என்பது குற்றச்சாட்டு. ஆசிரியர் பதவி போயிற்று. நூல் வெளியிடவும் தடை. பிறகு ரோமாபுரியில் போப்பாண்டவர் கொடுத்த உதவித்தொகையில் காலம் தள்ளினார். அங்கே தன் வரலாற்றை எழுதினார். நாற்பது ஆண்டு சதுரங்கமும், இருபத்தைந்து ஆண்டு பகடையும் ஆடியதை அதில் மறைக்கவில்லை. பொருளும் போயிற்று, காலமும் போயிற்று, மானமும் போயிற்று என்று வருந்தினார்.

1576 செப்டம்பர் 21-ந் தேதி கார்டானோ காலமானார்.

இறந்த பிறகு

சூதாட்டக் கணக்கு நூல் 1663-ல்தான் அச்சில் வந்தது. அதற்குள் பிரான்சு நாட்டு அறிஞர்கள் பாஸ்கலும் பெர்மாவும் 1654-ல் கடிதங்கள் மூலம் இதே கணக்கை வளர்த்துவிட்டார்கள். இன்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கட்டணம் வைப்பதும், புதிய மருந்தைச் சோதிப்பதும் இந்தக் கணக்கைக் கொண்டுதான்.

என்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுக்குப் பல நாடுகளில் அவர் பெயரை வைத்து 'கார்டன்' என்கிறார்கள். ஆம்பூர் வழியாகப் பெங்களூர் சாலையில் ஓடும் லாரிகளிலும் அந்தத் தண்டு சுழல்கிறது.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003-ல் தடை செய்யப்பட்டது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக சட்டசபை 2022-ல் சட்டம் செய்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025-ல் பாராளுமன்றமும் சட்டம் இயற்றியது. பகடை இன்று டெலிபோனுக்குள் வந்துவிட்டது. ஷூ கம்பெனியில் மாதம் முழுவதும் தைத்துச் சம்பாதித்த சம்பளம் ஒரே இரவில் அதில் போய்விடலாம்.

சூதாடுகிறவனுக்கு மிகப் பெரிய லாபம் எது என்றும் கார்டானோ தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆடாமல் இருப்பதுதான் அது. அந்தக் கணக்கை மட்டும் அவர் தம் வீட்டில் போட்டுப் பார்க்கவில்லை.